கோலா பாட்டிலுக்கு லீவு... நியூ இயர் பார்ட்டிக்கு வீட்டிலேயே மாக்டெயில் கலக்கலாம்!

டிசம்பர் 31 இரவு, மொட்டை மாடியில் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் என ஒரு கூட்டம் சேரப்போகிறது. பிரியாணி ரெடி, கேக் ரெடி, ஸ்பீக்கர் ரெடி. குடிக்க? இரண்டு பெரிய கோலா பாட்டில், ஒரு அடுக்கு பேப்பர் கப். சாப்பாட்டு மெனுவுக்கு மூன்று நாள் யோசிக்கும் வீட்டில்கூட, கிளாஸில் என்ன ஊற்றுவது என்று மூன்று நிமிடம் யோசிப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று பாருங்கள். மாசமாக இருக்கும் அண்ணி, சுகர் மாத்திரை போடும் பெரியப்பா, டென்த் படிக்கும் பையன், வாழ்க்கையில் மதுவைத் தொடாத அத்தை. குடியை விட்டு ஆறு மாதம் ஆன சித்தப்பாகூட இருக்கலாம். கொண்டாட்டத்தில் இவர்கள் கையிலும் ஒரு நல்ல கிளாஸ் இருக்க வேண்டாமா? 'உனக்குத்தான் இது எதுவும் ஆகாதே, இந்தா கோலா' என்று நீட்டுவதற்கும், எலுமிச்சை வில்லை செருகிய கிளாஸைக் கொடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சரி, ஹோட்டலில் கிடைக்குமே மாக்டெயில், அதையே வீட்டில் செய்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்றுதான் சொல்வேன். பல இடங்களில் கொடுப்பது கலர் சிரப், சோடா, மேலே ஒரு செர்ரி. பாதி கிளாஸிலேயே திகட்டிவிடும். காரணம் எளிமையானது. காக்டெயிலில் ஆல்கஹால் ஒரு வேலை செய்கிறது. தொண்டையில் ஒரு சுரீர், நாக்கில் லேசான கசப்பு. அதனால்தான் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார்கள். ஆல்கஹாலை எடுத்துவிட்டு அந்த இடத்தை ஜூஸாலும் சிரப்பாலும் நிரப்பினால், மிஞ்சுவது இனிப்பு மட்டும்தான்.

எனவே எடுத்த இடத்தில் வேறு ஒரு 'சுரீர்' வைக்க வேண்டும். இஞ்சி, மிளகு, கீறிய பச்சை மிளகாய், டீ டிகாக்‌ஷனின் துவர்ப்பு, சோடாவின் பொங்கல், ஒரு சிட்டிகை உப்பு. இது ஒன்றும் நமக்குப் புதிது இல்லை. ராமநவமிக்குக் கரைக்கும் பானகத்தை நினைத்துப் பாருங்கள். வெல்லத்தின் இனிப்பு, எலுமிச்சையின் புளிப்பு, சுக்கின் காரம், ஏலக்காயின் வாசம். பெயர்தான் வேறு, பக்கா மாக்டெயில்!

அளவு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ரெசிப்பியே தேட வேண்டாம். ஒரு உயரமான கிளாஸுக்கு, சிரப் 1 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச்சாறு 1 டேபிள்ஸ்பூன் (அரைப் பழம் போதும்), பழச்சாறு 75 முதல் 90 மி.லி., சோடா 100 மி.லி. மீதி இடம் முழுக்க ஐஸ். உப்பு, இரண்டு விரலில் எடுக்கும் அளவு. ஐஸைக் குறைத்துப் போட்டால் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். நிறையப் போட்டால்தான் மெதுவாகக் கரையும். குறைத்தால் சட்டென்று கரைந்து எல்லாம் தண்ணீராகிவிடும்.

சிரப்பை இஞ்சியிலேயே செய்துவிடுங்கள். 100 கிராம் இஞ்சியைத் தோல் சீவி, அம்மியிலோ இடிகல்லிலோ நசுக்கி, ஒன்றே கால் கப் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். வடிகட்டி, ஒரு கப் சர்க்கரை சேர்த்துக் கரைந்ததும் இறக்கிவிடலாம். சிறிது நேரத்தில் அடியில் வெள்ளையாகப் படிவது இஞ்சியின் மாவு. அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால், ஒரு வாரம் தாங்கும். இந்த ஒரு பாட்டில் இருந்தால் பாதி பார்ட்டி முடிந்த மாதிரி.

அன்னாசியும் தேங்காயும்

'பினா கொலாடா' என்ற பெயரை மெனு கார்டில் பார்த்திருப்பீர்கள். கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பானம் அது. தலைநகர் சான் ஹுவானில் உள்ள கரீபே ஹில்டன் ஹோட்டல், 1954-ல் தங்கள் பாரில்தான் அது பிறந்தது என்கிறது; வேறு சிலரும் அதே ஊரில் அந்தப் பெருமைக்கு உரிமை கோருகிறார்கள். 1978-ல் போர்ட்டோ ரிக்கோ அதைத் தன் அதிகாரபூர்வ பானமாகவே அறிவித்தது. ரம், தேங்காய் க்ரீம், அன்னாசி. இதில் ரம்மை எடுத்துவிட்டால் மீதி இரண்டும் நம் தெருமுனைக் கடையில் கிடைப்பவை. டின்னில் வரும் தேங்காய் க்ரீமை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

நன்கு பழுத்த அன்னாசியைத் துண்டு போட்டு, தட்டில் பரப்பி, ஃப்ரீஸரில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். ஐஸ் கட்டிக்குப் பதில் இந்தத் துண்டுகள்தான். அப்போதுதான் தண்ணீர் விட்டுப்போகாமல் கெட்டியாக வரும். ஒன்றரை கப் உறைந்த அன்னாசி, அரை கப் இரண்டாம் பால், கால் கப் முதல் பால், இஞ்சி சிரப் 1 டேபிள்ஸ்பூன், அரை மூடி எலுமிச்சை, சிட்டிகை உப்பு. மிக்ஸியில் நுரைக்க அடித்தால் இரண்டு கிளாஸ் வரும். மேலே மிளகைப் பொடித்துத் தூவுங்கள். மிளகா என்று முகம் சுளிப்பவர்களும் ஒரு வாய் குடித்தபின் கிளாஸைத் திருப்பித் தரமாட்டார்கள்.

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதல் பாலைக் காலையிலேயே பிழிந்து ஃப்ரிட்ஜில் வைத்தால், கொழுப்பு மேலே கட்டி தட்டிவிடும். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைகிற அதே கதைதான். அதைப் பானத்தில் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாக மிதக்கும். அடிக்கப் போகும் நேரத்தில் பிழிவதே நல்லது. அடுத்தது, தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பாலோ ஐஸ்க்ரீமோ போட்டு அன்னாசி மில்க்‌ஷேக் ஆக்காதீர்கள். பச்சை அன்னாசியில் இருக்கும் ப்ரோமெலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் கசக்க ஆரம்பித்துவிடும். பாலில்தான் வேண்டும் என்றால் அன்னாசியைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்து ஆறவைத்துச் சேருங்கள். சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

கொய்யாவை மறக்காதீங்க

ட்ராபிகல் என்றதும் கிவி, ட்ராகன் ஃப்ரூட் என்று சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டாம். டிசம்பரில் தள்ளுவண்டியில் குவிந்திருப்பது கொய்யா. உள்ளே சிவப்பாக இருக்கும் பழம் கிடைத்தால் கலருக்குக் கலரும் ஆச்சு. இரண்டு பழத்தை ஒன்றரை கப் தண்ணீருடன் மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் விடுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் விதையும் சேர்ந்து அரைபட்டு, வாயில் நறநறவென்று மாட்டும். வடிகட்டி, எலுமிச்சைச்சாறு, கறுப்பு உப்பு, கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள் சேர்த்தால் முடிந்தது. பழம் இனித்தால் சிரப்பே வேண்டாம். கிளாஸின் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுத்தால், ஸ்கூல் வாசலில் வாங்கித் தின்ற கொய்யா அப்படியே கிளாஸுக்கு வந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான்.

நன்னாரி சர்பத் எல்லோரும் போடுவதே. அதை இளநீரில் கலந்து, இளநீரையே ஐஸ் ட்ரேயில் உறையவைத்துப் போட்டுப் பாருங்கள், கடைசிச் சொட்டு வரை சுவை குறையாது. இதற்குச் சோடா வேண்டாம், இளநீரின் மென்மை போய்விடும். வீட்டில் சிறுநீரகப் பிரச்னை உள்ளவர் இருந்தால், இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் குழந்தைகள் 'வாவ்' சொல்ல ஏதாவது வேண்டுமே... சங்குப்பூ! நீல சங்குப்பூ பத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டால் அடர் நீலத்தில் சாறு இறங்கும். ஆறவைத்துக்கொள்ளுங்கள். கிளாஸின் அடியில் எலுமிச்சைச்சாறும் சிரப்பும், மேலே நிறைய ஐஸ், அதன் மேல் ஸ்பூனின் முதுகில் படும்படி நீலச்சாற்றை மெதுவாக ஊற்றுங்கள். சர்க்கரைக் கரைசல் கனம் என்பதால் அடியிலேயே நிற்கும். நீலம் மேலே நிற்கும். குழந்தை கையில் ஸ்பூனைக் கொடுத்துக் கலக்கச் சொல்லுங்கள். புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாக மாறிவிடும். பாட்டிலில் வரும் நீலக் கலர் சிரப்புக்கு இங்கே வேலையே இல்லை.

பெரியப்பாவுக்கு என்ன, சித்தப்பாவுக்கு என்ன?

பழம்தானே, எவ்வளவு குடித்தாலும் நல்லதுதான் என்ற நினைப்பு பல வீடுகளில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கில், நாம் சேர்க்கும் சர்க்கரையோடு பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் சேரும். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். நம் சிரப் ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 8 கிராம் சர்க்கரை இருக்கிறது. அன்னாசிச்சாறு 90 மி.லி.யில் ஏறக்குறைய அதே அளவு. 300 மி.லி. கோலாவில் 30 கிராமுக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் இது பாதிதான் என்றாலும், மூன்று கிளாஸ் குடித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். எனவே சுகர் உள்ளவர்களுக்கு இவற்றில் 'கொஞ்சமா' என்று ஊற்றாமல், தனியாக ஒன்று கலக்குங்கள். ஆறிய கட்டன் டீ அரை கிளாஸ், இஞ்சிச்சாறு ஒரு டீஸ்பூன், எலுமிச்சை, உப்பு, கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிய புதினா இலைகள், மேலே சோடா. துவர்ப்பும் காரமுமாக, சர்க்கரையே இல்லாமல் நிற்கும். புதினாவை அரைக்க வேண்டாம், கறுத்துக் கசந்துவிடும்.

அடுத்து சித்தப்பா. குடியை விட்டவருக்குக் கொடுப்பதில் ரம் எசென்ஸ், 'ஜீரோ' பியர் என்று பழைய வாசனையை நினைவுபடுத்தும் எதையும் அவராகக் கேட்காமல் சேர்க்காதீர்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த வாசனை அவருக்கு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாது. தவிர, நம் நாட்டு விதிப்படி 0.5 சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அதாவது 'நான் ஆல்கஹாலிக்' என்று எழுதியிருந்தாலும் சொற்பம் இருக்கலாம். லேபிளைப் படியுங்கள். யூடியூப் மாக்டெயில் ரெசிப்பிகளில் 'இரண்டு சொட்டு பிட்டர்ஸ்' என்று போகிறபோக்கில் சொல்வார்கள். அந்த பிட்டர்ஸில் பிரபலமான ஒன்றில் ஆல்கஹால் 44.7 சதவிகிதம். சொட்டுதான் என்றாலும் மாசமாக இருப்பவருக்கும் குடியை விட்டவருக்கும் அது வேண்டாம். இஞ்சியும் மிளகும் அந்த வேலையைச் செய்துகொள்ளும்.

இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ் கொடுங்கள். 'ஏன், நீங்க எடுத்துக்கலையா?' என்ற கேள்வி யாரிடமும் எழாது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து விசேஷத்துக்கே வராமல் இருப்பவர்கள் உண்டு. மதுவும் பரிமாறும் வீடு என்றால், அந்தப் பாட்டில்களை வேறு மேஜைக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஜக்குகள் கலந்துவிட்டால் குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால், எலுமிச்சை பத்து, 300 மி.லி. சோடா ஏழு பாட்டில், சிரப் மேலே சொன்ன அளவில் ஒரு தடவை காய்ச்சினால் சரியாக இருக்கும். ஐஸை இரண்டு நாள் முன்பே உறையவைத்து மூடி போட்ட டப்பாவில் மாற்றிவிடுங்கள். திறந்து கிடக்கும் ஐஸ், ஃப்ரிட்ஜில் இருக்கும் மீன் வாசனையையும் இட்லி மாவு வாசனையையும் அழகாக இழுத்துக்கொள்ளும். எலுமிச்சையை மாலையில் பிழிந்தால் போதும், முந்தைய நாளே பிழிந்தால் கசப்பு ஏறும். ஷேக்கர் வாங்க வேண்டாம், இறுக்கமான மூடி போட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலே குலுக்கப் போதும். சோடாவை மட்டும் அதில் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள், சுவர் நனையும். அதைக் கிளாஸில் கடைசியாக, சில்லென்று, ஓரமாக ஊற்ற வேண்டும்.

அன்னாசி வெட்டும்போது தோலைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். வெட்டுவதற்கு முன்பே பழத்தை நன்கு தேய்த்துக் கழுவியிருந்தால், அந்தத் தோலோடு ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு சேர்த்து நிறையத் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டலாம். ஜனவரி 1 காலை, எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வரும்போது டீக்குப் பதில் சூடாக ஒரு டம்ளர். சர்க்கரை போட வேண்டிய அவசியம் இருக்காது.