ஒப்பரேசனுக்குப் பிறகு வாற பில்

ஒப்பரேசனுக்கு எவ்வளவு முடியும்? சுகமில்லாத ஆள் இருக்கிற வீட்டில் முதலில் வாற கேள்வி இதுதான். முகநூலில் காசு சேர்க்கிற பதிவுகளிலும் இந்த ஒரு தொகைதான் இருக்கும். ஆனால் சில சிகிச்சைகளில் ஒப்பரேசன் என்பது செலவின் தொடக்கம் மட்டும்தான். முள்ளந்தண்டுக்கு மருந்து செலுத்துகிற பம்ப் அப்படியான ஒன்று. அமெரிக்காவில் அதை உடம்பில் வைத்திருக்கிறவர்கள் என்ன கட்டுகிறார்கள் என்று பார்த்தால், இங்கே அடிக்கடி எழும் ஒரு விவாதத்துக்கும் அதில் பதில் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் பம்ப். வட்டமான சின்ன உலோகப் பெட்டி. வயிற்றுத் தோலுக்குக் கீழே வைத்துத் தைப்பார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் முண்ணாணைச் சுற்றியிருக்கிற திரவத்துக்குள் போகும். வேறொன்றுக்கும் அடங்காத வலிக்கு மோர்பின் போகும். முள்ளந்தண்டில் அடிபட்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் தசைகள் கல்லுப்போல இறுகினால் பக்லோபென் போகும். நேரே போகிறபடியால், குளிசையாய் விழுங்குகிற அளவில் நூறில் ஒரு பங்கு போதும். குளிசையால் வாற தூக்கமும் மயக்கமும் குறையும். கதிரையில் இருக்க, உடுப்பு மாற்ற, இரவில் நித்திரை கொள்ள முடியாமல் இருந்தவர்களுக்கு இது பெரிய விசயம்.

ஆனால் பெட்டி கொள்வது 20 அல்லது 40 மில்லிலீற்றர்தான். அளவைப் பொறுத்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் தோலுக்கு மேலால் ஊசி குத்தி, மிச்ச மருந்தை எடுத்துப் புது மருந்து நிரப்பவேணும். பிறகு ஒரு கருவியைத் தோலுக்கு மேலே பிடித்து, எவ்வளவு மருந்து இருக்கிறது, எந்த வேகத்தில் போகவேணும், எப்போது அலாரம் அடிக்கவேணும் என்று பம்புக்குச் சொல்லவேணும். முதல் சில மாதங்களில் சரியான அளவைக் கண்டுபிடிக்கும்வரை இதுக்கெண்டே திரும்பத் திரும்பப் போகவேண்டி வரும். சில வருசங்களில் பற்றரி முடிந்தால் பம்பையே மாற்ற இன்னொரு ஒப்பரேசன்.

இப்போது பில். அமெரிக்க அரசின் மெடிகெயார் திட்டம் 65 வயது தாண்டியவர்களுக்கும், மாற்றுத்திறனாளி உதவித்தொகை 24 மாதம் எடுத்தவர்களுக்கும் கிடைக்கிறது. அதன் ‘பகுதி பி’ இந்தப் பம்பைப் பொறுப்பெடுக்கும். ஆனால் வருசத்தின் முதல் செலவு நோயாளியுடையது. 2025இல் அது 257 டொலர். அதுக்குப் பிறகு திட்டம் ஒத்துக்கொண்ட விலையில் 20 வீதம் நோயாளியின் பங்கு. மருந்துக்கு 20 வீதம், நிரப்புவதற்கும் புரோகிராம் செய்வதற்கும் 20 வீதம். இதையே ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் செய்தால், இடத்துக்கென்று தனியாக ஒரு கட்டணம். அதே ஊசி, அதே மருந்து, வேற கட்டடம்.

ஒரு தடவைக்கு மொத்தம் 1,000 டொலர் என்று சும்மா வைத்துக்கொள்வோம். நோயாளியின் பங்கு 200. வருசத்தில் ஆறு தடவை போனால் 1,200. இது ஒரு வருசத்துக்கு மட்டும். வழமையான மெடிகெயாரில் இந்த 20 வீதத்துக்கு உச்சவரம்பே இல்லை. 2022இல் வந்த சட்டத்தால், மருந்துக்கான ‘பகுதி டி’யில் நோயாளி கட்டுவதுக்கு 2025இலிருந்து வருசத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது; 2025இல் அது 2,000 டொலராக இருந்தது. நல்ல விசயம்தான். ஆனால் பம்புக்குள் போகிற மருந்து ‘பகுதி பி’யில் வருகிறது. அந்த வரம்புக்குள் அது இல்லை.

மேலதிக இன்சூரன்ஸ் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். 65 வயதில் அதை எடுக்கிற உரிமையை மத்திய சட்டம் தருகிறது. அதுக்குக் குறைந்த வயதில் அந்த உரிமை மாநிலத்தைப் பொறுத்தது. முப்பது வயதில் விபத்தில் முள்ளந்தண்டு உடைந்தவருக்குத்தான் பம்ப் அதிக காலம் தேவை. அவருக்கே கதவு ஒழுங்காய்த் திறக்கவில்லை. தனியார் கம்பனிகள் நடத்துகிற மாற்றுத் திட்டங்களில் உச்சவரம்பு உண்டு. ஆனால் பெரும்பாலும் அவர்கள் பட்டியலில் உள்ள வைத்தியரிடம்தான் போகவேணும், முன் அனுமதிக்கும் காத்திருக்கவேணும்.

காசில்லையென்றால் இந்தமுறை விடலாமா? விட ஏலாது. பக்லோபென் திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், புத்தி தடுமாற்றம், முன்னைவிட மோசமான தசை இறுக்கம் வரலாம். உறுப்புகள் செயலிழந்து உயிரும் போகலாம். மருந்தின் லேபிளிலேயே கறுப்புப் பெட்டி போட்டு அச்சிட்டிருக்கிற எச்சரிக்கை இது.

நோயாளியிடம் ஒரு பங்கு வாங்குவதுக்குச் சொல்லப்படுகிற நியாயம் எல்லோருக்கும் தெரியும்: இலவசமென்றால் தேவையில்லாமல் பாவிப்பார்கள், கொஞ்சம் கட்டினால் யோசித்துப் பாவிப்பார்கள். சளிக்கு ஓடிவாற ஆளைப் பற்றி வேணுமென்றால் இதை வாதிடலாம். வயிற்றில் ஊசி குத்தி மருந்து நிரப்ப ஒருவரும் பொழுதுபோக்குக்குப் போவதில்லை. யோசித்து முடிவெடுக்க அவருக்கு அங்கே இடமே இல்லை. மறுக்க முடியாத ஆளிடம் வாங்குகிற பங்கை ‘சிக்கனம்’ என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் நாட்டிலும் ‘அரச ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காசு வாங்கினால் என்ன’ என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. அந்தக் ‘கொஞ்சம்’ ஒருக்கால் வாறவருக்குக் கொஞ்சம்தான். வாழ்நாள் முழுக்க வாறவருக்கு அது வாடகை. இப்பவே, வாட்டில் கட்டில் இலவசம், ஆனால் ‘இதை வெளியில வாங்குங்கோ’ என்று ஒரு துண்டு தருவார்கள். 2022 நெருக்கடியில் அந்தத் துண்டுகள் எவ்வளவு கூடின என்பது எல்லாருக்கும் தெரியும். முள்ளந்தண்டு பாதித்தவருக்கு சிறுநீர்க் குழாயும் புண்ணுக்கான துணியும் மாதாமாதம் தேவை. ஒரு தொகையாய்க் கேட்க முடியாத செலவு. ஆனபடியால் ஒருவரும் பார்க்காத செலவு.

அமெரிக்காவில் செய்யவேண்டியது சிக்கலானதில்லை. பம்ப் வைக்க முன்னமே வருசத்துக்கு எவ்வளவு முடியும் என்று எழுத்தில் கொடுக்கவேணும். எந்தக் கட்டடத்தில் நிரப்பினாலும் ஒரே விலை வேணும். குளிசைக்கு வைத்த உச்சவரம்பை இதுக்கும் வைக்கவேணும். உடம்புக்குள் வைத்த கருவிக்கு மருந்து நிரப்புவதும் அந்த ஒப்பரேசனின் மிச்சப் பகுதிதான்.

இங்கே எங்களால் செய்யக்கூடியது இன்னும் சின்னது. அடுத்தமுறை யாருக்காவது காசு சேர்க்கிற பதிவு போடும்போது, ஒப்பரேசன் தொகைக்குக் கீழே இன்னொரு வரி எழுதுவோம்: பிறகு மாதம் எவ்வளவு, எத்தனை வருசத்துக்கு.