பழைய காருக்குப் புதிய நரம்பு

யாழ்ப்பாணத்து வீதிகளிலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் இன்றும் ஓடக் காண்கிறோம். மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரால் வகுக்கப்பட்டு 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. அதன் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1990களிலே பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகியபோது, மண்ணெண்ணெயைக் குடித்து எம்மவர்க்கு உழைத்தவை இத்தகைய கார்களே. பாட்டனார் ஓட்டிய காரைப் பேரன்மார் புதுப்பிக்க முற்படுதல் போற்றத்தக்கது. எனினும், அப்பணி நடைபெறும் முறை குறித்துச் சில கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

தமிழாசிரியர்க்குக் கராஜிலே என்ன வேலை என வினவுவாருமுளர். எழுதப்பட்டதைப் பிழையற வாசித்தலும், பிழையறப் பெயர்த்தெழுதலும் எமது தொழில். யாம் ஈண்டுக் கூறப்புகுவதும் அதுபற்றியதே.

புதுப்பிப்போர் முதலிற் கருதுவது பூச்சு, அடுத்து இருக்கை, இறுதியிற் கருதுவது வயரிங். பற்றறியிலிருந்து விளக்கு, ஹோர்ன், துடைப்பான் முதலியவற்றுக்குச் செல்லும் கம்பிகளை ஒரே கட்டாகக் கட்டிய கோவை அது. முற்காலத்துக் கார்களிலே செப்புக் கம்பியை இறப்பரும், இறப்பரைப் பருத்தி நூலும் போர்த்திருந்தன. ஆண்டுகள் பலவற்றின் வெப்பத்தால் அவ்விறப்பர் காய்ந்து, வெடித்து, தொட்ட மாத்திரத்தில் உதிர்கின்றது. வெளியே நூலுறை முழுமையாகத் தோன்றினும் உள்ளே கம்பி வெறுமையாய்க் கிடக்கும்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மைனரில் உள்ளவை இரண்டே உருகிகள். தலைவிளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டம் அவ்விரண்டில் எதனூடாகவும் செல்வதில்லை. ஆகவே, அக்கம்பி உறை கழன்று உடற்றகட்டிலே முட்டுமாயின் ஓட்டத்தைத் தடுப்பது யாதுமில்லை. கம்பி பழுக்கக் காய்ந்து, அயலிலுள்ள கம்பிகளின் உறையையும் எரித்துவிடும். புதுப்பூச்சு மின்னும் கார் சில நிமிடங்களிற் கருகிப்போதல் கூடும். உள்ளே குழந்தைகளும் இருத்தல் கூடும்.

அறுந்த இடத்தை முறுக்கி நாடா சுற்றுவதும், கையிலகப்பட்ட ஒரே நிறக் கம்பியால் எல்லாவற்றையும் இணைப்பதும் எங்கும் காணப்படும் வழக்கம். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும் என்பதே எமது துணிபு. கோவை முழுவதையும் மாற்றுக. மாற்றும்போது அதன் நிற ஒழுங்கைக் காக்க.

அந்நிறங்கள் அழகுக்காக இடப்பட்டவையல்ல. லூக்காஸ் கம்பனியார் வகுத்த முறையிலே, பற்றறியிலிருந்து உருகியின்றி நேரே வரும் கம்பி மண்ணிறம். திறப்பைத் திருப்பியபின் உயிர்பெறுவது வெள்ளை. அவ்வெள்ளை உருகியைக் கடந்தால் பச்சை. தலைவிளக்குக்கு நீலம், பக்கவிளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, உடற்றகட்டோடு சேர்வது கறுப்பு. பச்சையிலே சிவப்புக் கோடு இடப்பக்கச் சைகைவிளக்கையும், வெள்ளைக் கோடு வலப்பக்கத்ததையும் குறிக்கும். முதல் நிறம் பகுதியெனின், கோடு விகுதியெனலாம். இவ்விலக்கணம் கற்றவன், தான் முன்பின் கண்டிராத காரையும் வாசித்தறிவான். அனைத்தும் ஒரே நிறமாயின், எழுத்தெல்லாம் ஒரே எழுத்தாகிய ஏட்டை எவர் வாசிப்பார்?

ஏடு என்றதும் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் நினைவுக்கு வருகின்றார். 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றிய அப்பெரியார் காலத்து ஏடுகளும் கட்டவிழ்த்தால் ஒடிவனவே. அழியுமுன் ஒப்புநோக்கிப் பெயர்த்தமையால் அந்நூல்கள் எமக்குக் கிடைத்தன. பழைய வயரிங்கைக் கழற்றுவோனுக்கும் அம்முறையே உரியது. முதலிற் பற்றறியைக் கழற்றுக. ஒவ்வொரு முனையிலும் பெயர்ச்சீட்டுக் கட்டிப் படமெடுத்த பின்னரே இணைப்பை நீக்குக. கழற்றிய கோவையைத் தரையில் விரித்து, புதியதை அருகே வைத்து, நீளத்தையும் கிளைகளையும் ஒப்பிடுக. தகட்டுத் துளைதோறும் புதிய இறப்பர் வளையம் இடுக. கறுப்புக் கம்பி சேருமிடத்திற் பூச்சையும் துருவையும் சுரண்டி வெற்றுலோகம் காண்க. மங்கலாக எரியும் விளக்கிற்குப் பெரும்பாலும் காரணம் ஈண்டே உளது. முடிவில், பற்றறியை நேரே இணையாது, இடையே ஒரு விளக்கைத் தொடுத்துப் பார்க்க. யாவும் நிறுத்தியிருக்கவும் அவ்விளக்கு ஒளிருமாயின், எங்கோ மின் ஒழுகுகின்றது என்பது பெறப்படும்.

பழைமை கெடுமே என்பார்க்கு ஒரு சொல். அக்காலத்து நூலுறைத் தோற்றத்தோடேயே, உள்ளே பிளாஸ்திக்குக் காவலுடன் கூடிய புதிய கோவைகளை இங்கிலாந்திற் செய்து விற்கின்றனர். விலை மிகுதி என்பார் கூற்றும் உண்மையே. ஆயினும், உரிய நிறமும் உரிய தடிப்புமுள்ள கம்பிகளைப் பெற்று, வரைபடத்தைப் பார்த்து இங்கேயே கோவை கட்ட இயலாதா? கைத்திறன் எம்மூரில் உண்டு; வரைபடத்தை வாசிக்கும் பயிற்சியே குறைவு. வாசிப்பு என்பது நூலோடு முடிவதென்றும், கராஜ் வேலை படிப்பு வராதவர்க்கே உரியதென்றும் எண்ணும் எம்மவர் மனப்பான்மையும் இக்குறைக்குக் காரணமென அஞ்சுகின்றோம்.

எனவே, பழைய கார் வைத்திருக்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். அடுத்தமுறை வயரிங் மாற்றும்போது, இன்றைய மாணவர் இருவரை அருகில் இருத்தி, வரைபடத்தை அவர் கையிற் கொடுங்கள். ஒரு நிறத்தையேனும் முனையிலிருந்து முனைவரை அவர்களே தொடரட்டும். வேலை முடிந்ததும் அப்படத்தின் பிரதியொன்றைக் காருக்குள்ளேயே வையுங்கள். முப்பது ஆண்டு கழித்துப் பொனற்றைத் திறக்கப்போகும் ஒருவன் அதனைக் கண்டு உங்களை வாழ்த்துவான்.