திரும்பி வருவதும் திட்டத்தில் இருக்கட்டும்

தீபாவளி கழிந்த மறுநாளிலிருந்து சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் வேறோர் ஊராகிவிடுகிறது. ஆண்டெல்லாம் ஓடிய பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்வெடுக்கின்றன. போனஸ் பணம் கையில் இருக்கிறது, ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். அச்சகத் தொழிலில் இருப்போருக்கு மட்டும் நாட்காட்டியும் டைரியும் மார்கழி வரை விடுவதில்லை. அவர்கள் அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்காகக் காத்திருக்கிறார்கள். இத்தொழில்களையும் அவற்றைச் சார்ந்த வணிகத்தையும் நம்பி வாழும் நம் குடும்பங்களுக்கு நீண்ட பயணம் போவதற்கு ஆண்டில் வாய்க்கும் காலம் இவ்வளவே.

முன்பெல்லாம் அந்தப் பயணம் குற்றாலத்தோடும் கொடைக்கானலோடும் முடிந்துவிடும். இப்போது பேச்சு மாறியிருக்கிறது. காண்டாமிருகம் பார்க்க அஸ்ஸாம், சிங்கம் பார்க்க கென்யா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோரும் விசாரிக்கிறார்கள். இது வரவேற்க வேண்டிய மாற்றம். பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. விலங்குகளையும் பறவைகளையும் மனிதரைப் போலவே சமுதாயங்களாக அது எண்ணுகிறது. யானைக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட பிள்ளை, அதை அதன் மண்ணில் காண்பது கல்விதான். எனினும் நாம் திட்டமிடும் முறையில் எனக்கு மனக்குறை உண்டு. கட்டணத்தையும் படம் எடுக்கும் இடங்களையும் பேசி முடித்ததும் திட்டம் முடிந்ததாக நினைக்கிறோம்.

வியப்பு என்னவென்றால், பாதுகாப்பைக் கணக்காகச் செய்யத் தெரிந்த மக்கள் நாம். ஓர் அறையில் எத்தனை பேர் அமர்ந்து மருந்து செலுத்தலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், அன்றைக்கு எவ்வளவு மருந்து கலக்கலாம் என்பதெல்லாம் இந்த மண்ணில் சிறுவருக்கும் தெரியும். அந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள். ஆபத்து எங்கே தொடங்கும், எவ்வளவு தூரம் எட்டும் என்று இவ்வளவு விலை கொடுத்துக் கற்ற நாம், வேனில் ஏறியதும் அந்த அறிவை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். நமது விடுமுறையைத் தீர்மானிப்பது பட்டாசுத் தொழில். காட்டின் நாட்காட்டி அதைப் பார்ப்பதில்லை. கென்யாவின் மசாய் மாராவில் லட்சக்கணக்கான காட்டுமாடுகள் ஆற்றைக் கடக்கும் காட்சிக்காகத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். அது ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காட்சி. நமது ஆலைகள் மூடும்போது அந்த மந்தைகள் தான்சானியாவை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடும். அங்கே சிறுமழையும் ஆரம்பித்திருக்கும். பள்ளி விடுமுறையான மே மாதமும் உதவாது, அது பெருமழையின் காலம். சிங்கமும் யானையும் ஆண்டு முழுவதும் அங்கே உண்டு என்பது உண்மை. ஆனால் சேமிப்பையெல்லாம் திரட்டிப் போகிறவர், எதைப் பார்க்கப்போகிறோம், எதைப் பார்க்கப்போவதில்லை என்பதை அறிந்துதான் போக வேண்டும். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். அப்போது போக முடிந்தால் அம்போசெலியும் சாவோவும் பொருத்தமானவை. நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017இல் தொடங்கிய ரயில் சாவோ வழியாகவே செல்கிறது. மொம்பாசா நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழும் துறைமுகம். ஹலால் உணவுக்கும் தொழுகைக்கும் அங்கே அலைய வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். ஊசி போட்ட பத்து நாள்களுக்குப் பின்னரே அச்சான்று செல்லும். அது இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படலாம். எல்லா மருத்துவமனையிலும் இந்த ஊசி கிடைக்காது. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுவார்கள். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பொதுவாக இது போடப்படுவதில்லை. அறுபது கடந்த உம்மாவுக்குப் போடலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மலேரியாவுக்கான மாத்திரையையும் அவரிடமே கேட்க வேண்டும். முன்பணம் கட்டிய பிறகு இதைக் கேட்பவர்கள்தான் அதிகம்.

நம் விடுமுறைக்கு இயல்பாகப் பொருந்துவது அஸ்ஸாமின் காசிரங்கா என்பது என் கருத்து. மழைக்காலத்தில் மூடப்படும் அப்பூங்கா, நாம் ஓய்வாக இருக்கும் நவம்பர், டிசம்பரில் திறந்திருக்கும். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. பிரம்மபுத்திராவின் புல்வெளி, பனி மூடிய காலை, தேயிலைத் தோட்டங்கள் என்று கண்ணுக்கும் குறைவில்லை. கந்தகப் பூமியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குளிரே ஒரு புதுமை. கம்பளி ஆடை மறவாதீர்கள். குவாஹாத்தியில் முஸ்லிம் உணவகங்களைத் தேட வேண்டியதில்லை. அங்கிருந்து பூங்காவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

அந்த 200 கிலோமீட்டரையும், நம் ஊரிலிருந்து விமான நிலையம் வரையிலான தூரத்தையும் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். வனவிலங்குப் பயணம் என்றதும் குடும்பத்துப் பெரியவர்கள் புலிக்கும் சிங்கத்துக்கும் அஞ்சுகிறார்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நாமோ இஷா தொழுதுவிட்டு வேனில் ஏறி, ஓட்டுநரை விடிய விடிய ஓட்டச் சொல்லி, ஒரு நாள் விடுதி வாடகையை மிச்சப்படுத்தியதாக மகிழ்கிறோம்.

இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும், இரவில் அது விலங்குகளும் விஷ ஜந்துக்களும் நடமாடும் வழி என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. பந்திப்பூர் காட்டுச் சாலைகளில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. காரணம் அதுவேதான். மைசூர் போகும் நம்மவர்கள் சோதனைச் சாவடியில் நின்று இந்தத் தடையைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். நபிமொழியை அறிந்தவர்கள் திட்டக்கூடாத தடை அது.

தொழுகையை வைத்தே ஓட்டுநரின் ஓய்வையும் திட்டமிடலாம். பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகைகளைச் சுருக்கித் தொழும் சலுகையை இரு மத்ஹபினரும் அறிவர். ஷாஃபிஈ மத்ஹபில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி அவ்வாறு சேர்ப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு வக்துக்கும் வண்டி நின்றாக வேண்டும். இதைச் சிரமம் என்று சொல்லும் இளைஞர்களிடம் நான் சொல்வது, அந்த நிறுத்தம் ஓட்டுநருக்குக் கிடைக்கும் தேநீர் நேரம். சுபுஹுக்குப் பின் புறப்பட்டு மஃரிபுக்குள் விடுதி சேர்வதென்று வைத்துக்கொண்டால் தொழுகையும் தவறாது, ஓட்டுநரின் கண்ணும் சொக்காது.

உணவு விஷயத்தில் நம் சமுதாயத்துக்கே உரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ஹலால் உணவு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஐயத்தில் பண்டாரியையும் தேக்சாவையும் எரிவாயு உருளையையும் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் அவர்கள். சமைப்பதற்காக விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளைதான் காரணம். நம் வேன்களில் இருக்கும் உருளையும் அதே உருளைதான். ஹலால் இறைச்சி கிடைக்காத இரண்டு நாள் மீனும் பருப்பும் சாப்பிட்டால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

சிவகாசிக்காரர் வெறுங்கையோடு உறவினர் வீட்டுக்குப் போவதில்லை என்பார்கள். ஒரு பெட்டி பட்டாசு பைக்குள் இருக்கும். ரயிலிலும் விமானத்திலும் அது தண்டனைக்குரிய குற்றம். காட்டுக்குள் அதைக் கொண்டு போவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

காட்டுத் தீ என்னவென்று குரங்கணி நமக்குக் காட்டியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து மலையில் நடைப்பயணம் போனவர்கள் தீயில் சிக்கி, 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் புல் காய்ந்து கிடந்த மலை அது. அதற்குப் பின்னரே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, வழிகாட்டியோடும் முன்பதிவோடும் திறந்துவிட்டது. அனுமதியில்லாத பாதையில் அழைத்துப் போகிறேன் என்று யாரேனும் பெருமையாகச் சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

இப்படிச் சொல்லும்போது, எல்லாம் தக்தீர்தானே, வருவது எங்கே இருந்தாலும் வரும் என்று சிலர் வாயடைக்கப் பார்ப்பார்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு உமர் (ரலி) அவர்கள் ஷாமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, ஸர்க் என்னும் இடத்தில் அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. தோழர்களிடம் கலந்தாலோசித்தார்கள், கருத்துகள் பிரிந்தன, இறுதியில் திரும்புவதென முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற பொருளில் விடையளித்தார்கள். கலீஃபாவே பாதி வழியில் திரும்பினார்கள். அதனால் அவர்களின் கண்ணியம் குறையவில்லை. நாமோ கட்டிய முன்பணத்துக்காகச் செந்நிற மழை எச்சரிக்கையையும் மீறி மலையேறுகிறோம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஹஜ் கடமையாகிவிட்ட வசதி உள்ளவர், அதைத் தள்ளிவைத்துவிட்டு ஆப்பிரிக்காவுக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். வட்டியோடு கூடிய தவணைக் கடனில் சுற்றுலா போவதைப் பற்றி வாதிடவும் விருப்பமில்லை. அது சுற்றுலாவுக்கு மட்டுமான சட்டம் அன்று.

பணம் சேரும் வரை பிள்ளைகளைக் காத்திருக்க வைக்கவும் வேண்டாம். சிவகாசியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூரின் செண்பகத்தோப்பு இருக்கிறது. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கெனச் சரணாலயமான காடு. 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாக உயர்ந்தது. அந்த அணிலை நம் மாவட்டத்திலேயே பெரும்பாலோர் பார்த்ததில்லை. பூனை அளவுக்கு நீளும் உடல், அதற்கு இணையான வால், மாமரத்திலும் புளியமரத்திலும் கட்டிய கூடு. அதிகாலையில் பேசாமல் நின்றால்தான் தென்படும். பேசாமல் நிற்பது, உணவு வீசாமல் இருப்பது, நெகிழிப் பையைத் திரும்ப எடுத்து வருவது, வனக்காவலர் போதும் என்றால் நிறுத்துவது ஆகியவற்றை நம் பிள்ளைகள் இங்கே பழகிக்கொள்ளட்டும். செண்பகத்தோப்பில் கத்துகிற பிள்ளை காசிரங்காவிலும் கத்தும்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். நம் குடும்பப் பயணங்களில் அமீர் என்பவர் பெரும்பாலும் பணம் வசூலிப்பவராக மட்டுமே இருக்கிறார். முன்பணம் கட்டுவதற்கு முன் எல்லோரும் ஒரு வேளை உட்கார்ந்து, திரும்பலாம் என்று அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மழை, நோய், சாலை, காட்டின் எச்சரிக்கை, எதற்காகச் சொன்னாலும் சரி. ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதையும் அன்றே முகவரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அது தெரிந்தால் அமீருக்குத் துணிவு வரும். தூக்கம் வருகிறது என்று ஓட்டுநர் சொன்னால் மட்டும் அமீரும் பேசக்கூடாது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் அதிகாரம் அப்போது ஓட்டுநருக்கே.