ரத்தத்தில் வாழும் மலேரியா கிருமிக்குள் ஒரு பாசி! எப்படி வந்தது? நமக்கு என்ன பயன்?

மயிலாப்பூர் வீட்டுக் கிணறு, தி.நகர் மொட்டை மாடி டேங்க், அடையாறில் கட்டட வேலை நடக்கும் இடத்துத் தொட்டி... இதுபோன்ற நல்ல தண்ணீரில்தான் நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு முட்டையிடுகிறது. அது கடிக்கும்போது உடலுக்குள் நுழையும் பிளாஸ்மோடியம் கிருமியிடம் ஒரு விநோதம் உண்டு. செடிகளில் பச்சையம் இருக்கும் உறுப்பின் மிச்சம் ஒன்று அதற்குள் இருக்கிறது. பெயர், ஏபிகோபிளாஸ்ட்.

எப்படி வந்தது?

பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்தக் கிருமியின் மூதாதை ஒரு பாசியை விழுங்கியது. ஆனால் ஜீரணிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. அது சிவப்புப் பாசியாக இருக்க வேண்டும் என்பது பல விஞ்ஞானிகளின் கருத்து. பிறகு அது ஒட்டுண்ணியாக மாறியதால் சூரிய ஒளி தேவைப்படவில்லை. பச்சையம் போய்விட்டது, உறுப்பு மட்டும் தங்கிவிட்டது.

ஆதாரம் என்ன?

இந்த உறுப்புக்கென்றே தனியாக வட்ட வடிவ டிஎன்ஏ இருக்கிறது. சுமார் 35,000 எழுத்துகள் கொண்ட அதன் முழு வரைபடம் 1996-ல் வெளியானது. உறுப்பைச் சுற்றி 4 சவ்வுகள் இருப்பதும் 'விழுங்கிய' கதைக்குச் சாட்சி. ஆஸ்திரேலியப் பவளத்தில் கிடைத்த குரோமெரா என்ற உயிரி பற்றி 2008-ல் தெரியவந்தது. மலேரியா கிருமிக்குச் சொந்தக்காரரான அது இன்றும் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது!

ஏன் இன்னும் வைத்திருக்கிறது?

கிருமி உயிர்வாழத் தேவையான ஐசோபிரினாய்டு மூலப்பொருள் இங்குதான் தயாராகிறது. மனித உடல் அதையே வேறு வழியில் தயாரிக்கிறது. அதனால்தான் புது மருந்து தேடுபவர்களின் கண் இந்த உறுப்பின் மீது இருக்கிறது.

மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பாசியின் அந்த உறுப்பே ஆதியில் ஒரு பாக்டீரியா. அதனால் பாக்டீரியாவுக்கான டாக்ஸிசைக்ளின் மலேரியா கிருமியையும் தாக்குகிறது. ஆனால் மெதுவாகத்தான். மருந்து பட்ட கிருமி உடனே சாகாது, அதன் அடுத்த தலைமுறைதான் சாகும். எனவே, சிகிச்சையில் குயினைன் போன்ற வேகமான மருந்துடன் சேர்த்தே தருகிறார்கள்.

கவனிக்க வேண்டியது

'வீட்டில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கே' என்று நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. வைவாக்ஸ் வகை என்றால் கிருமி கல்லீரலில் பதுங்கி மீண்டும் வரும். அதற்கு டாக்டர் தரும் பிரைமாகுவின் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. இலங்கை 2016-லேயே அதைச் சாதித்துவிட்டது. நம் பங்குக்கு, இன்றே மொட்டை மாடி டேங்க்கின் மூடியைப் பார்த்துவிடலாம்.