நாய்க்குப் போட்ட சிப் யாருடைய எண்ணைச் சொல்லும்?

சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது. உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். இப்படியொரு உத்தரவு வந்ததும் யாருக்கும் முதலில் தோன்றும் சந்தேகம், இந்தச் சிப் எத்தனை வருஷம் தாங்கும், பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஊசி குத்த வேண்டுமா என்பதுதான். அந்தக் கவலையே வேண்டாம்; தீர்ந்துபோக அதில் பேட்டரி கிடையாது. அரிசி மணி போன்ற, சுமார் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழலுக்குள் ஒரு செம்புக் கம்பிச்சுருளும் 15 இலக்க எண் பதிந்த ஒரு சிப்பும் இருக்கின்றன. ஸ்கேனரை அருகே கொண்டுபோனால் அதன் காந்தப்புலத்திலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். தேய்வதற்கு ஒன்றும் இல்லாததால் 20, 25 ஆண்டுகூடத் தாங்கும். நாயின் ஆயுளோ பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுதான்.

கெட்டுப்போவது சிப்போடு சேர்த்துப் பதிந்த விவரம். சிப்பில் உங்கள் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, வெறும் எண்தான். அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் எந்தச் செல்பேசி எண் இருக்கிறதோ, அதுதான் நாயை வீட்டுக்குக் கொண்டுவரும். அமெரிக்காவில் 53 விலங்குக் காப்பகங்களுக்கு வந்த, சிப் பொருத்திய 7,700-க்கும் மேற்பட்ட நாய், பூனைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. வழிதவறி வந்த நாய்களில் பொதுவாக 22 சதவீதமே உரிமையாளரிடம் திரும்பின. சிப் இருந்தவற்றில் 52 சதவீதம் திரும்பின. இது பெரிய பலன், சந்தேகமில்லை. ஆனால் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறானது அல்லது துண்டிக்கப்பட்டது என்பதே. வாடகை வீடு மாறுவதும், சிம் மாற்றுவதும், வெளியூர் போகும்போது நாயைத் தம்பி வீட்டில் விடுவதும் சகஜமான நம் ஊரில் இது நடக்காதா?

"சிப் உடம்புக்குள் நகர்ந்துவிடுமாமே, பிறகு எப்படிப் படிக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போட்டது சில நாய்களில் தோளுக்கோ முன்னங்காலுக்கோ இறங்கிவிடுகிறது. அப்போதும் அது உயிரோடுதான் இருக்கிறது. தேடுபவர் அவசரப்படாமல் இருந்தால் போதும். ஸ்கேனரை உடம்பை ஒட்டி, மெதுவாக, முதுகிலிருந்து இரு பக்கமும் முழங்கை வரை வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். உலோகக் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட வேண்டும். இரும்பு மேசைகூடச் சில சமயம் குறுக்கிடும். கழுத்தருகே மட்டும் ஒருமுறை காட்டிவிட்டு 'சிப் இல்லை' என்று எழுதுவதுதான் ஆபத்து. 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் ஐஎஸ்ஓ தரச் சிப் என்றால் பெரும்பாலான ஸ்கேனர்கள் படித்துவிடும். பழைய 125 கிலோஹெர்ட்ஸ் சிப்களை எல்லா ஸ்கேனர்களும் படிப்பதில்லை. சிப் போடும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அரசு நம்மைக் கண்காணிக்கிறது என்ற அச்சத்துக்கும் இடமில்லை. சிப்பில் ஜிபிஎஸ் இல்லை. சில அங்குலத்துக்கு அப்பால் அது ஊமை. கழுத்துப்பட்டையில் எண்ணை எழுதித் தொங்கவிட்டால் போதாதா என்றால், அதையும் செய்யுங்கள். பட்டை அறுந்தால் பிறகு சிப்தான் பேசும். ஐரோப்பிய நாடுகளுக்கு நாயைக் கொண்டுபோவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சிப் போட்ட பிறகு போட்ட வெறிநோய்த் தடுப்பூசிதான் அங்கே செல்லும். ஸ்கேனரில் வரும் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எனவே சிப் போட்டதோடு மாநகராட்சியின் கடமை முடிந்துவிடக் கூடாது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நாயை ஸ்கேன் செய்து, பதிவில் உள்ள செல்பேசிக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். நாய் பிடிக்கும் ஒவ்வொரு வண்டியிலும், கருத்தடை மையத்திலும் ஸ்கேனர் இருந்தாக வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். இதைச் செய்யாவிட்டால் சிப்புக்குச் செய்த செலவெல்லாம் வீண். நாய் வளர்ப்பவர்களும் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லி ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். பதிவில் இருப்பது இன்று உங்கள் கையில் உள்ள செல்பேசியின் எண்தானா என்று அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.