இடி இடிக்கும்போது குளிக்கலாமா?

"இடி இடிக்குது, இப்பப் போய்க் குளிக்காதே" என்று தடுக்கும் பாட்டியிடம் பேரன் காரணம் கேட்டால், பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. கண்ணாடியைத் துணியால் மூடு, 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல் என்பவற்றோடு சேர்த்து இதையும் பழைய நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறோம். கண்ணாடி மின்னலை இழுக்காது. குளியல் விஷயத்தில் பாட்டி சொல்வது சரி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையமும் இதையேதான் சொல்கிறது: இடிமழை நேரத்தில் குளிக்க வேண்டாம், பாத்திரம் துலக்க வேண்டாம், கை கழுவவும் வேண்டாம்.

'இடி விழுந்தது' என்பது பேச்சு வழக்கு. விழுவது மின்னல், இடி அதன் ஓசை. ஒரு மின்னலில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்சாரம் பாயலாம். வீட்டு மின்விசிறி சுழல அரை ஆம்பியர்கூட வேண்டாம். இத்தனை பெரிய மின்சாரம் வீட்டின் மீதோ பக்கத்து மின்கம்பத்தின் மீதோ இறங்கினால், மண்ணைச் சேர மின்கம்பி, கேபிள், தண்ணீர்க் குழாய் எனப் பல வழிகளில் பிரிந்து ஓடும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் இரும்புக் குழாய் அதற்கு நல்ல பாதை. ஷவருக்கு அடியில் நிற்பவரின் உடலும் அந்தப் பாதையின் ஒரு கிளையாகிவிடலாம். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலில் அந்தத் தடை வெகுவாகக் குறைந்துவிடும்.

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் குழாய்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிவிசி குழாய் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஆபத்து குறைவு. ஆனால் உள்ளே ஓடும் போர்வெல் தண்ணீரில் உப்பு கரைந்திருக்கிறது, அது கடத்தும். இதைவிடக் கவலைப்பட வேண்டியது சுவரில் தொங்கும் கீசரைப் பற்றி. ஒரு பக்கம் தண்ணீரோடும் மறுபக்கம் வீட்டு ஒயரிங்கோடும் இணைந்த பொருள் அது. சுவிட்சை அணைத்துவிட்டோமே என்ற நிம்மதியும் வேண்டாம். அணைத்த சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வந்த மின்னலை அது எப்படித் தடுக்கும்? பிளக்கைப் பிடுங்கி வைப்பதென்றால் வானம் கறுக்கும்போதே செய்துவிட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: குளியலறையில் மின்னல் தாக்கி இறப்பது மிக அரிது. இந்தியாவில் 2022இல் மின்னல் 2,887 உயிர்களைப் பறித்தது என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். வயலில் நிற்பவர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள், மரத்தடியில் ஒதுங்குபவர்கள்தான் மின்னலுக்கு அதிகம் பலியாகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் கான்கிரீட் வீட்டுக்குள் குளிப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. பம்புசெட் தொட்டியிலும் கிணற்றிலும் கண்மாயிலும் குளிப்பவர்களின் நிலைமை வேறு. திறந்தவெளியில், இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர் முதல் இடி கேட்டதுமே கரையேறிவிட வேண்டும். மோட்டார் கொட்டகையும் தென்னை மரத்தடியும் அடைக்கலம் ஆகாது. கான்கிரீட் கட்டடத்துக்கோ, கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விடுங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகிறது. மின்னல் வெட்டி 30 வினாடி கழித்து இடி கேட்டால், அது 10 கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. அடுத்தது நம் தெருவில் இறங்கலாம். ஆகவே இடி காதில் விழுந்தாலே குளியலைத் தள்ளிப்போடுவது நல்லது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுக்க வேண்டும். மழை விட்டதை வைத்துக் கணக்கிடக் கூடாது. ஐப்பசி மழையில், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது சிரமம்தான். எண்ணெய் இன்னும் கொஞ்சம் ஊறட்டும். பாதிக் குளியலில் இடித்தால், சோப்பு நுரையோடு இருந்தாலும் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

குளியலறையில் இன்னொரு சிக்கல் தாழ்ப்பாள். உள்ளே விழுந்தவரைக் கதவை உடைத்துத்தான் அடைய வேண்டியிருக்கும். அந்த நிமிடங்கள் விலைமதிப்பில்லாதவை. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, அதனால் அவரைத் தயங்காமல் தொடலாம். மூச்சு நின்றிருந்தால் ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் அவரது நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும்.