பார்க்காத ஆட்டத்துக்குத் தீர்ப்பு

ஒவ்வோர் ஏப்ரல் இறுதியிலும் அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். அமைப்பு, கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களைத் தன் 32 அணிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. (இது நாம் அறிந்த கால்பந்து அன்று, பந்தைக் கையால் எறிந்தும் அணைத்துக்கொண்டு ஓடியும் ஆடப்படுவது.) டிராஃப்ட் என்னும் இந்தச் சடங்குக்கு ஏழு சுற்றுகள், மூன்று நாள்கள். முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் உரிமை. வியாழன் இரவு முதல் சுற்று: மேடை, விளக்குகள், புதுச் சட்டை, தாயின் கண்ணீர். வெள்ளியன்று அடுத்த இரண்டு. எஞ்சிய நான்கும் சனிக்கிழமை. நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சனிக்கிழமையை. குறிப்பாக, அன்று தம் அணி அறிவிக்கும் பெயர்களைக் கேட்டதும் ரசிகர்கள் வழங்கும் தீர்ப்புகளை.

அமெரிக்காவில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் வழியாகத்தான் இந்த ஆட்டம் எனக்கு அறிமுகமாயிற்று. அதன் விதிகள் பிடிபடப் பல பருவங்கள் தேவைப்பட்டன. சனிக்கிழமைத் தீர்ப்புகள் மட்டும் முதல் ஆண்டிலேயே புரிந்துவிட்டன. நூலைப் பிரித்தும் பாராமல் நூலாசிரியருக்கு இடம் ஒதுக்கும் கூட்டங்களில் நெடுங்காலம் அமர்ந்திருந்தவனுக்கு அது புரியாமல் போகுமா?

ஐந்தாம் சுற்றில் ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. ஏதோ ஒரு சிறிய கல்லூரியின் இளைஞர். ரசிகர் அந்தப் பெயரை அதற்குமுன் கேட்டதில்லை. ஆயினும் அடுத்த நிமிடமே தீர்ப்பு வந்துவிடுகிறது. ‘யார் இவன்?’ ‘ஏழாம் சுற்றிலும் கிடைத்திருப்பானே, இப்போதே எதற்கு?’ இதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘ரீச்’. எட்டாத கிளைக்கு எம்பியதாகப் பொருள். மறுபுறம், உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டியவர் கீழே இறங்கிவந்து கிடைத்தால் ‘ஸ்டீல்’. நம் பேச்சில் சொன்னால், அடிமாட்டு விலைக்கு வாங்கிய நல்ல சரக்கு. வசையானாலும் வாழ்த்தானாலும், சொல்கிறவர் அந்த இளைஞரின் ஆட்டத்தில் ஒரு நிமிடத்தையும் கண்டதில்லை. இதை விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலாது. இது இரவல் தீர்ப்பு என்பதே என் கட்சி.

யாரிடம் இரவல்? டிராஃப்டுக்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வல்லுநர்கள் பட்டியல்களை வெளியிடத் தொடங்குகிறார்கள். ஒருவர் எண்பதாவது, இன்னொருவர் இருநூற்றுப் பதினைந்தாவது. ரசிகர் அந்த எண்களை மனத்தில் ஏற்றிக்கொள்கிறார். அணி எடுத்தவரின் எண்ணும் பட்டியலின் எண்ணும் பொருந்தாதபோது அந்த இடைவெளிக்கே கோபம் எழுகிறது. கோபத்துக்கு இலக்கான மனிதர் அங்கே ஒரு கழித்தல் கணக்கின் விடையாக நிற்கிறார். பதினெட்டு ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வருகிறேன். என் மதிப்பெண்கள் தவறியதுண்டு. அதற்காக வருந்தியதும் உண்டு. தாளைப் பிரிக்காமல் மதிப்பெண் போட்டதில்லை.

பட்டியல் அத்தனை உறுதியானதா என்றால் அதுவும் இல்லை. கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்னும் இரு பேராசிரியர்கள் டிராஃப்டை விரிவாக ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே ஆடுநிலைக்கு அடுத்தடுத்துத் தேர்வான இருவரில் முன்னவர் பின்னவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஊர் ஊராக ஆள் அனுப்பி, ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஓட்டத்தை நொடிக்கணக்கில் அளந்து தேர்ந்தெடுக்கும் அணிகளின் நிலையே இது. வரவேற்பறைத் தீர்ப்பாளர்களின் உறுதிக்கு அடிப்படை எது?

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து டாம் பிரேடியின் பெயரைச் சொல்வார். சொல்லட்டும், அந்தப் பெயரோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் ஆறாம் சுற்றில், 199ஆவது பெயராக நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி அவரை எடுத்தது. குவார்ட்டர்பேக் என்னும் தலைமை ஆட்ட நிலையில் அவருக்கு முன்னால் ஆறு பேர் தேர்வாகியிருந்தார்கள். பின்னாளில் அவர் பேட்ரியட்ஸோடு ஆறு, டாம்பா பே அணியோடு ஒன்று என ஏழு சூப்பர் பௌல் பட்டங்கள் வென்றார். அன்று முதல், கடைசிச் சுற்றுகளில் எவர் தேர்வானாலும் ‘அடுத்த பிரேடியாக இருக்கலாம்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. வசைக்கு இது மாற்று என்று நினைக்கிறார்கள். இதுவும் அதே இரவல்தான். கடன் கொடுத்தவர் மட்டும் மாறியிருக்கிறார். முதலாமவர் புதியவரின் முகத்தில் பட்டியலின் எண்ணைப் பார்த்தார். இரண்டாமவர் இன்னொருவரின் முகத்தைப் பார்க்கிறார்.

பேட்ரியட்ஸ் அணியின் ஞானதிருஷ்டியைப் போற்றுவோரும் ஒன்றை மறக்கிறார்கள். அந்த டிராஃப்டில் பிரேடிக்கு முன்பாக அவ்வணியே வேறு ஆறு பேரை எடுத்திருந்தது. அறிந்திருந்தால் 199 வரை காத்திருப்பார்களா? அவர்கள் செய்த நல்ல காரியம் வேறு. முதல் பருவத்தில் நான்காவது குவார்ட்டர்பேக்காக, பெரும்பாலும் ஆட இடமின்றி, அவரை அணியில் வைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டு, 1993இன் முதல் தேர்வான டிரூ பிளெட்சோ காயமுற்றபோது கதவு திறந்தது.

பிராக் பர்டியின் கதையும் ஏறக்குறைய இதுவே. 2022இல் 262ஆவதாக, கடைசிப் பெயராக, சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அவரை எடுத்தது. அதே அணி அதற்கு முந்தைய ஆண்டில் மூன்று முதல் சுற்று உரிமைகளை விட்டுக்கொடுத்து, மூன்றாவது தேர்வாக டிரே லான்ஸை எடுத்திருந்தது. 2022 பருவத்தில் லான்ஸ் காயமுற்றார்; அடுத்திருந்த கரோப்பலோவும் காயமுற்றார்; டிசம்பரில் பர்டி களமிறங்கினார். 2024 பிப்ரவரியில் அவர் தலைமையில் அணி சூப்பர் பௌல் வரை சென்று, கூடுதல் நேரத்தில் தோற்றது. 2025இல் ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். லான்ஸையோ 2023இலேயே ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ‘கடைசிச் சுற்றுகளில் வருபவர்களில் பெரும்பாலோர் நிலைப்பதில்லை, ஆகவே எங்கள் அவநம்பிக்கை சரி.’ நிலைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை எவ்வாறு உண்டாகிறது? முதல் சுற்றுக்காரருக்கு அணி பெரும்பணம் கொடுத்திருக்கிறது. அவர் தடுமாறினாலும் காத்திருக்கும். ஆறாம் சுற்றுக்காரருக்கு அந்தப் பொறுமை வாய்ப்பதில்லை. பயிற்சி முகாமுக்குச் செல்வோர் 90 பேர்; பருவம் தொடங்கும்போது பட்டியலில் எஞ்சுவோர் 53 பேர். பிரேடிக்கும் பர்டிக்கும் வாய்ப்பளித்தவை முன்னே இருந்தவர்களின் காயங்கள். யாரும் காயமுறாத அணிகளில் வெளியே அமர்ந்திருந்தே வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? வாய்ப்பு மறுக்கப்பட்டவன் தோற்றான் என்பதைக் காட்டி, மறுத்தது சரி என்று நிறுவுவது தருக்கம் ஆகாது.

‘எல்லாம் வேடிக்கைதானே’ என்பது இன்னொரு சமாதானம். வேடிக்கைக்கு நான் பகைவன் அல்லன். தாமும் ஒரு காலத்தில் இந்த லீகில் ஆடியவரான பால் சலாட்டா, 1976இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். டிராஃப்டின் கடைசிப் பெயருக்குரியவருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’, அதாவது பொருட்படுத்தத் தேவையில்லாதவர், என்று பட்டம் சூட்டி, கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகருக்கு அழைத்து விருந்தோம்பினார். பந்தைக் கைநழுவ விடும் ஆட்டக்காரரின் உருவம் கொண்ட கோப்பையும் உண்டு. பெயரில் கேலி இருக்கிறது. செயலில் வரவேற்பு இருக்கிறது. கடைசி மனிதரை அழைத்து உட்காரவைத்துச் சிரிப்பதற்கும், அவர் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ரசிகர்கள் அறியாதவர்கள் அல்லர்.

என்னை மிகவும் உறுத்துவது அவர்கள் பேசும் மொழி. டிராஃப்டில் இளைஞருக்குத் தம் அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இல்லை. 2011 ஒப்பந்தத்துக்குப் பின், முதல் நான்கு ஆண்டுகளின் ஊதியமும் பெரும்பாலும் தேர்வு வரிசை எண்ணைப் பொறுத்தே அமைகிறது. பேரம் பேச இடமற்ற அந்த மனிதரைப் பற்றி அணியின் உரிமையாளர் ‘மதிப்பு’, ‘விலை’, ‘வீண் செலவு’ என்று பேசினால் அது அவர் தொழில். நுழைவுச்சீட்டுக்குத் தன் கூலியைச் செலவிடும் ரசிகர் அதே கணக்குப்பிள்ளை மொழியில் பேசுவானேன்? ஆட்டத்தில் அவர் உருகுவது மனிதர்களைப் பார்த்து. சனிக்கிழமையன்று மட்டும் அவர் முதலாளியின் பேரேட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

கேள்வி கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடுப்பாட்டம் ஓட்டையாக இருக்கையில் இன்னொரு ஓட்டக்காரர் எதற்கு என்று நிர்வாகத்தைக் கேட்பது ரசிகரின் உரிமை. அது தேர்ந்தெடுத்தவர்கள்மீதான கேள்வி. தேர்வானவர்மீதான தீர்ப்பு வேறு. அதற்குக் கண்ணால் கண்ட சான்று வேண்டும். ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள் நடக்கின்றன. பெயர் பெற்றவர்கள் ஓய்வெடுக்க, அரைகுறையாய் நிரம்பிய அரங்கில் இந்தக் கடைசிச் சுற்று இளைஞர்கள் வேலைக்காக உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். அப்போது பாருங்கள். பார்த்த பிறகு ‘இவன் தேறமாட்டான்’ என்று சொன்னால், அது தவறாகவே முடிந்தாலும், உங்கள் சொந்தக் கருத்தாக இருக்கும். அதுவரை, ‘இவரை எனக்குத் தெரியாது’ என்று சொல்லிவிட்டு அமைதியாக இருப்பதில் இழுக்கு ஏதும் இல்லை.